நடுவில் குழி விழுந்த கேக்

சென்ற ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதிய மாணவி ஒருத்தி, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் கேக் பெட்டி. பிறந்தநாள் வீடொன்றுக்குச் செய்து கொடுத்தது திரும்பி வந்துவிட்டதாம். திறந்து பார்த்தேன். மேலே இளஞ்சிவப்பு ரோசாப் பூக்கள், கடையில் வாங்கியவை போல அத்தனை துப்புரவு. கத்தியை வைத்ததும்தான் விஷயம் தெரிந்தது. பூக்களுக்கு அடியில் ஒரு பெருங்குழி. குழி நிறைய ஐசிங். அதற்கும் கீழே வேகாத மா.

“முழுக் காசையும் திருப்பிக் கேட்டுட்டாங்க டீச்சர். முட்டை வாங்கினதே கடனுக்கு” என்றாள். கேக் விற்ற காசில்தான் தம்பியின் டியூசன் பணம் போகிறது என்பது எனக்குத் தெரியும்.

அன்று அவளுக்குச் சொன்னவற்றை மனைப்பொருளியல் படிப்பவர்களுக்கும் படிக்காதவர்களுக்குமாக இங்கே எழுதுகிறேன். நம் மாணவிகள் அலங்காரத்தை விரைவாகப் பழகிவிடுகிறார்கள். அதைத் தாங்க வேண்டிய கேக்கில்தான் கவனம் குறைவு.

முதலில் அளவு. நம் வீடுகளில் செய்யும் பட்டர் கேக்கின் கணக்கு மிக இலகுவானது. பட்டர் 250 கிராம், சீனி 250 கிராம், கோதுமை மா 250 கிராம், முட்டை 5. ஐந்து முட்டை ஏன்? ஓடு நீக்கிய நடுத்தர முட்டை ஒன்று ஏறத்தாழ 50 கிராம் இருக்கும். அதாவது நான்கு பொருள்களும் சம நிறை. சிறிய முட்டை 40 கிராம்தான் இருந்தால் ஐந்தும் சேர்ந்து 200 கிராம். கேக் வரண்டுபோகும். ஆகவே முட்டையை எண்ணாதீர்கள், நிறுங்கள். கோப்பையால் அளப்பதும் அப்படித்தான். வீடியோவில் காட்டும் கோப்பை வேறு, நம் தேநீர்க் கோப்பை வேறு. மாவை அழுத்தி அள்ளினால் ஒரு நிறை, சலித்துப் போட்டால் இன்னொரு நிறை. ஒரு சின்னத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். பூ வைக்கும் நோசில்களை அதற்குப் பிறகு வாங்கலாம்.

அடுத்தது பட்டரையும் சீனியையும் அடிப்பது. இதை இனிப்புக் கலக்கும் வேலை என்றே பலர் நினைக்கிறார்கள். சீனிப் பளிங்குகள் பட்டரைக் கீறிக் கீறிக் காற்றுக் குமிழிகளை உள்ளே அடைக்கின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழிகளை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் குமிழிகளுக்குள் காபனீரொட்சைட்டு வாயுவைச் சேர்த்து அவற்றைப் பெருக்க வைக்கிறது. அடிப்பதில் சோம்பல்பட்டால் பவுடரால் ஈடுகட்ட முடியாது. நிறம் வெளுத்து, பஞ்சுபோல வரும்வரை அடியுங்கள். முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே சேர்த்தால் பட்டர் இறுகிக் கலவை திரிந்துவிடும். மாவைச் சேர்த்த பின்போ இதற்கு நேர்மாறு. மெதுவாக, கலந்தால் போதும் என்ற அளவுக்கு மட்டும். கூடுதலாக அடித்தால் மாவிலுள்ள புரதம் குளூட்டனாகி, கேக் ரொட்டிபோல இறுகும்.

குழிக்கு வருவோம். “பேக்கிங் பவுடர் எவ்வளவு போட்டாய்?” என்று கேட்டேன். “இரண்டு கரண்டி” என்றாள். எந்தக் கரண்டி? மேசைக்கரண்டி. குறிப்பில் இருந்தது தேக்கரண்டி. ஒரு மேசைக்கரண்டி மூன்று தேக்கரண்டிக்குச் சமம். ஆக, வேண்டியதைப் போல மும்மடங்கு! வாயு மிகையானால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து உடைகின்றன. கேக் அவசரமாக எழும்பி, வெந்து இறுகுமுன்பே நடுவில் அமிழ்கிறது. போதாததற்கு, பதினைந்தாவது நிமிடத்தில் ஓவனைத் திறந்தும் பார்த்திருக்கிறாள். முட்டையும் மாவும் இறுகும்வரை கேக்குக்குச் சொந்தமாக எலும்பில்லை. சூடுதான் அதைத் தூக்கிப் பிடிக்கிறது. குளிர்காற்றுப் பட்டதும் விழுந்துவிடும்.

பேக்கிங் பவுடரும் அப்பச்சோடாவும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அப்பச்சோடா தனியே சோடியம் ஐதரசன் காபனேற்று. அது வேலைசெய்யத் தயிர், வினாகிரி, எலுமிச்சை போன்ற ஒரு புளிப்பு வேண்டும். புளிப்பில்லாத கேக்கில் போட்டால் சவர்க்கார வாடைதான் மிஞ்சும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பும் உலர்ந்த தூளாகச் சேர்ந்தே இருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மருந்தாளர் அல்பிரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துவராத தம் மனைவிக்காக 1843இல் இத்தகைய தூள் ஒன்றைத் தயாரித்தார். பழைய டின்னாக இருந்தால் ஒரு தேக்கரண்டியைச் சுடுநீரில் போட்டுப் பாருங்கள். நுரைத்தால் நல்லது.

ஓவனை முன்கூட்டியே சூடாக்கி, 160 முதல் 170 பாகை செல்சியசில், எட்டு அங்குலத் தட்டு என்றால் 50 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் விடுங்கள். நடுவில் ஈர்க்கு குத்தினால் சுத்தமாக வர வேண்டும். என் மூத்தம்மாவிடம் ஓவன் இல்லை. சட்டியில் மணல் பரப்பி, மூடிமேல் தணல் போட்டுச் சுட்டெடுப்பார். கடிகாரம்கூடப் பார்த்ததில்லை, வாசனைதான் கணக்கு. ஆனால் மூடியை அவர் இடையில் திறந்ததே இல்லை.

புதிதாகப் பழகுவோர் கப்கேக்கில் தொடங்குவது நல்லது. சிறு கிண்ணங்களில் கேக் சுடும் வழக்கம் பழையது. 1796இல் அமெரிக்காவில் வெளிவந்த அமெலியா சிமன்சின் சமையல் நூலிலேயே அது வருகிறது. மேற்சொன்ன கலவையில் 20 முதல் 24 வரை வரும். கடதாசிக் கிண்ணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். இருபது நிமிடத்தளவில் வெந்துவிடும். பிழைத்தாலும் நட்டம் குறைவு.

இனி ஐசிங். கேக் முற்றாக ஆறிய பிறகே பூச வேண்டும். பட்டர் 32 முதல் 35 பாகையில் உருகுவது. நமது நண்பகல் வெயில் அதற்கு மிக அருகில் நிற்கிறது. எனவே பட்டர் ஐசிங் கேக்கைக் காலையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். பட்டர் மஞ்சள் நிறம் என்பதால் நீலம் சேர்த்தால் பச்சை தட்டும். வெளுக்கும்வரை அடித்த பின்பே நீலம் சேருங்கள். சிவப்பு, நேரம் செல்லச் செல்லக் கருஞ்சிவப்பாகும். முதல்நாளே இளநிறமாகக் கலந்து வைத்தால் மறுநாள் சரியாக இருக்கும். பச்சை முட்டை வெள்ளைக்கருவில் ஐசிங் செய்வதை நான் விரும்புவதில்லை. சல்மொனெல்லா கிருமிக்கு அழகு தெரியாது, சிறுபிள்ளைகள் சாப்பிடும் பண்டம். பொண்டன்ட், மாஷ்மெலோ வாங்கும்போது ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது என்று பாருங்கள். எசென்சில் அல்ககோல் உண்டா என்றும் பாருங்கள். சிவப்பில் ஈ 120 என்று இருந்தால் அது பூச்சியிலிருந்து எடுத்த நிறம். வாங்குபவர் கேட்டால் உங்களுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக அவளிடம் விலையைப் பற்றிக் கேட்டேன். பட்டர், முட்டை, மா, சீனி நான்கையும் கூட்டி, மேலே ஒரு சிறுதொகை வைத்திருந்தாள். மின்சாரம், பெட்டி, அட்டை, முச்சக்கர வண்டி எதுவும் கணக்கில் இல்லை. கருகிப்போன கேக்கும் இல்லை. ஐந்து மணித்தியாலம் நின்ற கால்வலி எங்கே என்று கேட்டதற்குச் சிரித்தாள். இப்போது ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதுகிறாள். கைக்கூலிக்கு ஒரு தொகை போட மட்டும் இன்னும் கூச்சம். அடுத்த ஓடருக்கு மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.