கூத்து மேடையும் மனநல மீட்சியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஓர் ஊரார் தங்களுக்குள் கூடி, தாங்களே ஒத்திகை பார்த்து, தங்கள் ஊர் மக்கள் முன் ஆடிக் காட்டுவது சமூக நாடகம். மனநோயிலிருந்து மீண்டு வருபவர்களுக்கு அது துணையாக இருக்கும் என்ற கருத்துக்கு நூறு வயதாகிறது. ஜேக்கப் மொரேனோ என்ற மருத்துவர் வியன்னாவில் 1921இல் தொடங்கிய உளநாடகத்திலிருந்து அந்தக் கணக்கு வருகிறது. பட்டுத்தறி ஊரான ஆரணிக்கு இது வெளிநாட்டுச் சரக்காகத் தோன்றலாம். ஆனால் ஆரணி, செய்யாறு, வந்தவாசி வட்டாரம் தெருக்கூத்தின் தாய்மண். பங்குனியில் தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும். சென்னை நவீன நாடகக்காரர்களைத் தேடி வந்து கூத்தைக் கற்க வைத்த கண்ணப்ப தம்பிரானின் புரிசை, செய்யாற்றுக்குப் பக்கத்து ஊர்தான். கூத்தையும் மனத்தையும் சேர்த்துப் பல நம்பிக்கைகள் இந்த வட்டாரத்தில் உலவுகின்றன. சில பாதி உண்மை. சில உயிருக்கே ஆபத்தானவை.

“படுகளத்தில் வாய்விட்டு அழுதால் நோய் இறங்கிவிடும்”

பாரத விழாவின் கடைசி நாள் காலையில் படுகளம். திடலில் துரியோதனனை மண்ணால் பெரிய உருவமாகச் செய்து கிடத்தியிருப்பார்கள். அதன் தொடை பிளக்கப்பட்டதும், விரித்த கூந்தலோடு இருந்த திரௌபதி முடி முடிவாள். சுற்றி நிற்கும் பெண்கள் ஒப்பாரி வைத்து அழுவார்கள். முந்தைய இரவுகளில் கர்ண மோட்சத்துக்கு அழுதவர்களும் அங்கே இருப்பார்கள். அந்த வருடம் கணவனை இழந்தவள், பிள்ளையைப் பறிகொடுத்தவள், கடனில் மூழ்கியவள் எல்லோரும் தங்கள் துக்கத்தையும் அந்த அழுகையோடு சேர்த்தே அழுகிறார்கள். அந்த ஆறுதல் மெய்யானது. துக்கத்தை நாலு பேர் நடுவில் வைத்து அழ ஓர் இடம் கிடைப்பது சின்ன விஷயமல்ல.

ஆனால் துக்கமும் மனச்சோர்வு நோயும் ஒன்றல்ல. இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் பிடிப்பின்றி, தூக்கமும் பசியும் கெட்டு, உயிர்வாழ்வதே வீண் என்ற எண்ணம் ஒருவரை அழுத்திக்கொண்டிருந்தால், அவருக்கு ஒரு நாள் அழுகை மருந்தாகாது. மனச்சிதைவுக்கும் இருமுனைக் கோளாறுக்கும் அது இன்னும் தொலைவு.

நாடகத்தால் நேரும் பயன் பெரும்பாலும் பார்ப்பவரைவிடச் சேர்ந்து செய்பவருக்கே கிடைக்கிறது. காரணம் எளிது. நீண்டகால மனநோய் முதலில் பறிப்பது மனிதனுக்கு வீட்டிலும் தெருவிலும் இருந்த இடத்தை. தறி வீட்டில் இது கண்கூடு. தார் சுற்றிக்கொடுத்தவர் ஒரு நாள் அதை நிறுத்துகிறார். பாவு பிணைக்கும்போது அவரைக் கூப்பிடுவதை வீட்டார் நிறுத்துகிறார்கள். பிறகு கல்யாணத்துக்கு அழைத்துப்போவதும் நிற்கிறது. மாத்திரையால் காதில் கேட்கும் குரல்கள் அடங்கிய பிறகும், இழந்த அந்த இடம் தானாகத் திரும்புவதில்லை. அந்த இடத்தைத் திரும்பப் பெறுவதையும் சேர்த்துத்தான் மனநலத் துறையினர் ‘மீட்சி’ என்கிறார்கள். தினமும் மாலை ஒத்திகைக்கு வந்தாக வேண்டும், தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், தான் வராவிட்டால் ஆட்டம் நின்றுவிடும் என்ற நிலையைத் தருவதுதான் நாடகத்தின் வேலை.

“மனநோய் வந்தவரால் வசனம் மனப்பாடம் செய்ய முடியாது, மேடை ஏற்றினால் முற்றிவிடும்”

சென்னையில் 1981 முதல், முதல்முறையாக மனச்சிதைவு கண்ட 90 பேரை மருத்துவர் ஆர். தாராவின் குழு இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தது. இடைவிடாமல் நோயோடே இருந்தவர்கள் அவர்களில் சிறு பகுதியினர் மட்டுமே. மனச்சிதைவு வந்தால் மனிதன் முடிந்தான் என்பதற்கு இந்தச் சென்னை ஆதாரமே எதிராக நிற்கிறது.

நோயாலும் சில மருந்துகளாலும் நினைவும் கவனமும் மந்தமாவது உண்டு. கூத்தின் அமைப்பு அதற்கு இடம்கொடுக்கிறது. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்து நிற்க, வேஷக்காரர் அதற்குப் பின்னால் இருந்தபடியே பாடித் தன் வரவை அறிவிப்பார். கட்டியங்காரன் கேள்வி கேட்டு அவரை ஊருக்கு அறிமுகம் செய்வான். பாட்டின் அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திரும்பப் பாடுவார்கள்; வேஷக்காரர் ஒரு சொல்லை விட்டால் அவர்கள் எடுத்துக்கொடுப்பார்கள். திரை பிடிப்பவருக்கு வசனமே இல்லை. ஆனாலும் அவர் இல்லாமல் ராஜா வர முடியாது. தாளம் போடுபவர், கட்டை எனும் மர அணிகளையும் கிரீடத்தையும் கட்டிவிடுபவர், அரிதாரம் குழைப்பவர் எனப் பேசாத வேலைகள் நிறைய. ஆறு மாதமாக வீட்டைவிட்டு வெளியே வராத ஒருவருக்குத் திரையின் ஒரு முனையைப் பிடிக்கக் கொடுப்பதுதான் சரியான தொடக்கம். கர்ணன் வேஷம் பிறகு வரலாம், வராவிட்டாலும் குறையில்லை.

இதில் ஓர் உண்மையான ஆபத்து இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கூத்து இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும். இருமுனைக் கோளாறு உள்ளவருக்குத் தூக்கம் கெடுவது மிகைக்கிளர்ச்சியைத் தூண்டிவிடக்கூடியது. இரவு மாத்திரை தவறிப்போவதும் அதே கண்விழிப்பில்தான் நேர்கிறது. ஆகவே மீண்டு வருபவர்களோடு செய்யும் நாடகம் மாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். நோய் முற்றிய நிலையில் இருப்பவரை, சந்தேகமும் பயமும் தணியாதவரை, மேடைக்கு இழுக்கவே கூடாது.

“வேஷக்காரருக்கு ஆவேசம் வருவதும் பைத்தியமும் ஒன்றே”

ஒன்றல்ல. துகில் உரியும் காட்சியில் துச்சாதன வேஷக்காரருக்கோ கூட்டத்தில் ஒருவருக்கோ ஆவேசம் வந்தால், எப்படித் தணிப்பது என்று ஊருக்குத் தெரியும். திருநீறும் தண்ணீரும் வரும். சற்று நேரத்தில் அவர் தெளிவார். மறுநாள் வேலைக்குப் போவார். சமயச் சடங்கின் பகுதியாக ஊர் ஏற்றுக்கொண்ட ஆவேச நிலையை நோயாகக் கணக்கிடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடே சொல்கிறது.

தலைகீழ்ப் பிழைதான் அதிக உயிர்களைக் குடித்தது. மாதக்கணக்கில் தொடரும் மனச்சிதைவைச் சாமி என்றும் பேய் என்றும் எண்ணிக் கட்டிவைப்பது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

“நாடகம் இருந்தால் மாத்திரை வேண்டாம்”

நாடகத்தை நேசிப்பவர்களே பரப்பிவிடும் நம்பிக்கை என்பதால் இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மனச்சிதைவுக்கு நாடகச் சிகிச்சை பற்றி மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2007இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, சேர்த்துக்கொள்ளத் தகுந்த ஐந்து ஆய்வுகளை மட்டுமே கண்டது. அவற்றில் இருந்தவர்கள் மொத்தம் 210 பேர். பயன் உண்டென்றோ இல்லையென்றோ தீர்மானிக்க அது போதவில்லை. நாடகத்துக்கு உறவான ஓவியச் சிகிச்சையை 417 பேரிடம் சோதித்து, 2012இல் வெளியான பிரிட்டன் ஆய்வு, வழக்கமான சிகிச்சைக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை என்றது. அதே நாட்டின் நைஸ் அமைப்பு 2014இல் கலைச் சிகிச்சைகளை, முக்கியமாக ஆர்வமும் பேச்சும் ஒடுங்கிப்போனவர்களுக்கு, பரிசீலிக்கலாம் என்று வழிகாட்டியது. ஆக, நோயின் அடிப்படை அறிகுறிகளை நாடகம் மாற்றும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. தனிமை, தயக்கம், தன்மதிப்பு ஆகியவற்றில் அது உதவும் என்று எதிர்பார்க்க நியாயம் இருக்கிறது.

பரிவான சூழல் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. வேலாயுதம்பாளையம் புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளைப் பற்றி பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர் ஆர். ரகுராமும் உடனிருந்தவர்களும் 2002இல் எழுதினார்கள். அங்கே தனிச் சடங்கு எதுவும் இல்லை. குடும்பத்தில் ஒருவர் கூட இருந்தார், பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற சிறு வேலைகள் இருந்தன, யாரும் விரட்டவில்லை. சில வாரங்களில் அவர்களுடைய அறிகுறி அளவீடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு அது. மருந்தை நிறுத்தலாம் என்பதற்கு அது அனுமதிச் சீட்டல்ல. பரிவும் வேலையும் துணையும் சேர்ந்த இடம் மனிதனுக்கு எவ்வளவு தேவை என்பதைத்தான் அது காட்டுகிறது. நல்ல ஒத்திகைக் கூடமும் அப்படிப்பட்ட இடமே. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் மனநல மருத்துவரின் பொறுப்பு. கூத்து வாத்தியாருக்கு அதில் வேலையில்லை.

“தன் கதையை மேடையில் கொட்டினால்தான் குணம்”

இலங்கைத் தமிழர்களின் அனுபவம் இங்கே கைகொடுக்கும். யாழ்ப்பாணத்தில் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம், க. சிதம்பரநாதன் இயக்கிய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தை 1985இல் எழுதினார். போர் மனங்களில் விட்ட வடுவையே பொருளாக்கி, ‘அன்னை இட்ட தீ’யை 1990களின் தொடக்கத்தில் எழுதினார். அதே காலத்தில் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், ஒரு சமூகமே காயப்பட்டிருக்கும்போது ஒவ்வொருவராக மருத்துவமனைக்கு அழைப்பது மட்டும் போதாது, சமூகத்தின் சடங்கும் கலையும் சேர வேண்டும் என்று வலியுறுத்திவந்தார். சிதம்பரநாதனின் அரங்கச் செயற்பாட்டுக் குழு ஊர் ஊராகச் சென்று மக்களோடு அரங்கு செய்தது. மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் ஊராரோடு கூத்தை மீளுருவாக்கினார்கள். அது மனநலத் திட்டமாகத் தொடங்கியதல்ல; ஊர் மறுபடி ஒன்றுகூடியது அதன் பலன்.

ஊரின் துயரை ஊரோடு சேர்ந்து அரங்காக்குவது வேறு; மகனை இழந்த தாயை மேடையில் நிறுத்தி அவள் மகனைப் பற்றியே பேசவைப்பது சிகிச்சையாகாது. அதிர்ச்சியடைந்தவரை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை பலன் தருவதில்லை என்பதும், சிலருக்குத் தீங்காகலாம் என்பதும் 2002இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பின் முடிவு. அபிமன்யுவை இழந்த சுபத்திரையாக நின்று பாடும்போது துக்கம் தன்னுடையதாகவும் இருக்கிறது, தன்னுடையதல்லாததாகவும் இருக்கிறது. அந்த இடைவெளிதான் பாதுகாப்பு. ஆட்டம் முடிந்ததும் கட்டைகளைக் கழற்றி, எண்ணெய் தொட்டு முகத்தின் அரிதாரத்தைத் துடைக்கும் நேரத்தை அவசரப்படுத்தக் கூடாது; வேஷத்தைவிட்டு ஆள் வெளியே வரும் நேரம் அது.

இன்னொன்றும் உண்டு. ஆரணி போன்ற ஊரில் ஒருவர் இன்னார் வீட்டுப் பிள்ளை என்பது எல்லோருக்கும் தெரியும். ‘மனநோயாளிகள் நடிக்கும் நாடகம்’ என்று தட்டி வைத்துப் படம் எடுத்துப் பரப்பினால், கல்யாணப் பேச்சுவரை அது துரத்தும். மனநோய் உள்ளவரைப் பற்றிய தகவலையும் படத்தையும் அவர் சம்மதமின்றி ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டம். நோய் கண்டவர், கண்டிராதவர் இருசாராரும் கலந்த குழுவே நல்லது. யார் யாரென்று பார்வையாளருக்குத் தெரிய வேண்டியதில்லை.

“கூத்து ஆண்களின் காரியம்”

வழக்கம் அப்படி இருந்தது; விதி அல்ல. காஞ்சிபுரம் அருகே பி. ராஜகோபாலும் ஹன்னே தெ புரூனும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் பயின்று மேடையேறினார்கள். மனநோய் கண்ட பெண்ணைத்தான் வீடு முதலில் மறைக்கிறது. ஆகவே பகலிலோ மாலையிலோ பெண்கள் வந்துபோகக்கூடிய இடத்தில் ஒத்திகை வைக்காத குழு, மிகவும் தேவைப்படுபவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

எந்த ஒத்திகைக்கும் முன்னால் வருவது சிகிச்சை. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனநலக் கோளாறு உள்ள இந்தியர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சை பெறவில்லை. ஆரணி இருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் செயல்படுகிறது. அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சையும் மாத்திரையும் இலவசம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். ஒத்திகைக்கு அழைக்கும் முன் அந்த எண்ணைக் கொடுங்கள்.