'டு' எங்கே வரும், எங்கே வராது?



சென்ற ஆண்டு ஒரு தொழிற்சாலையில் தொழிற்பயிற்சியில் இருந்தேன். ஒரு நாள் நீர் பம்பிலிருந்து ஏதோ ஒரு மாதிரி சத்தம் வந்தது. கையில் இருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டுப் போய், பேரிங்கை முழுசாகச் சோதித்தேன். கோளாறு எதுவும் இல்லை. அன்று மாலை லாக் புக்கில் இப்படி எழுதினேன்: "ஐ ஸ்டாப்ட் செக்கிங் தி பேரிங்."

மறுநாள் காலை பொறியியலாளர் கூப்பிட்டார். "ஏன் தம்பி பாதியிலேயே விட்டுட்டீங்க?"

"இல்ல சார், முழுசா பார்த்தேனே!"

அவர் அந்த வரியைக் காட்டினார். "ஸ்டாப்ட் டு செக்" என்றால் சோதிப்பதற்காக வேறு வேலையை நிறுத்தினேன் என்று பொருள். "ஸ்டாப்ட் செக்கிங்" என்றால் சோதிப்பதையே நிறுத்திவிட்டேன் என்று பொருள். "எனக்குச் சந்தேகம் வந்துச்சு, கூப்பிட்டுக் கேட்டேன். ராத்திரி ஷிஃப்ட்ல படிக்கிறவன் யாரைக் கேட்பான்?" என்றார். எனக்கு முகம் சுருங்கிப் போய்விட்டது. எஸ்பிஎம்மில் ஆங்கிலத்துக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவன்தான் நான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் படிவம் 4, 5 மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்கள் எழுதுவதிலும் இதே தவறுதான். அதனால்தான் இந்தப் பாடம்.

ஏன் தடுமாறுகிறோம்?

தமிழில் 'போக' என்று ஒரே வடிவம் இருக்கிறது. போக விரும்பினேன், போகச் சொன்னார், போக விட்டார், போக மறந்தேன். இந்த வினைகளில் எது பின்னால் வந்தாலும் 'போக' மாறுவதில்லை. மலாயிலும் "டியா சுருஹ் சாயா பெர்கி" என்றால் போதும், 'பெர்கி' அப்படியே நிற்கும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'டு கோ', 'கோ', 'கோயிங்' என்று மூன்று வடிவங்கள். எது வரும் என்பதை முன்னால் நிற்கும் வினைதான் முடிவு செய்கிறது. மலாய்ப் பழக்கத்தில் "ஹி ஆஸ்க் மீ கோ" என்று நாம் பேசிவிடுவது இதனால்தான்.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆசிரியர் இந்தச் சிக்கலை நன்றாக உணர்ந்தவர். ஒரு வினையின் பொருள் தெரிந்தால் மட்டும் போதாது, அதற்குப் பின்னால் என்ன வரும் என்பதும் தெரிய வேண்டும் என்று அதற்கேற்ற அகராதியைத் தோழர்களோடு சேர்ந்து தொகுத்தார். அது 1942இல் தோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. 1954இல் எழுதிய நூலில் வினைகளை 25 அமைப்புகளாகப் பிரித்துக் காட்டினார். பயப்படாதீர்கள், இன்று நமக்கு ஐந்து போதும்.

1. வினை + டு

வான்ட், ஹோப், டிசைட், பிளான், அக்ரீ ஆகியவை இந்த வகை. "ஐ டிசைடட் டு அப்ளை." ஆனால் என்ஜாய், ஃபினிஷ், அவாய்ட் ஆகியவை 'டு'வை ஏற்காது. "ஐ ஃபினிஷ்ட் ரைட்டிங்" என்றுதான் வரும்.

2. வினை + ஆள் + டு

"மை மதர் வான்ட்ஸ் மீ டு ஸ்டடி." ஆஸ்க், டெல், அட்வைஸ், அலவ் எல்லாம் இதே வழிதான். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 'சஜஸ்ட்' என்ற சொல் 'அட்வைஸ்' மாதிரியே தோன்றும், ஆனால் இந்த அமைப்பில் சேராது. "ஐ சஜஸ்ட் யூ டு கம்" தவறு. "ஐ சஜஸ்ட் தட் யூ கம்" சரி. இந்தத் தவறோடு நான் அனுப்பிய மின்னஞ்சல்களை எண்ணினால் வெட்கமாக இருக்கும்.

3. வினை + ஆள் + வெறும் வினை

மேக், லெட் இரண்டும் 'டு'வை விரட்டிவிடும். "ஹி மேட் மீ வெயிட்." "ஷி லெட் மீ கோ." 'ஹெல்ப்' மட்டும் இரண்டுக்கும் சம்மதிக்கும்: "ஹெல்ப் மீ கேரி", "ஹெல்ப் மீ டு கேரி". ஒரு வேடிக்கை பாருங்கள். 'மேக்' செயப்பாட்டு வினையானால், விரட்டப்பட்ட 'டு' திரும்பி வந்துவிடும்: "ஐ வாஸ் மேட் டு வெயிட்."

4. வினை + பொருள் + பெயரடை

நம் மாணவர்கள் அதிகம் விழுவது இங்கேதான். "சமையலறையைச் சுத்தமாக வை" என்கிறோம். '-ஆக' வந்தால் ஆங்கிலத்தில் '-லி' போட வேண்டும் என்று எப்போதோ மனத்தில் பதிந்துவிட்டது. அதனால் "கீப் தி கிச்சன் க்ளீன்லி" என்று எழுதுகிறோம். சரியானது "கீப் தி கிச்சன் க்ளீன்."

சோதிக்க ஒரு சின்ன வழி: பொருளுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் 'இஸ்' போட்டுப் பாருங்கள். "தி கிச்சன் இஸ் க்ளீன்" சரியாக வருகிறது. அப்படியானால் அந்தச் சொல் சமையலறையின் நிலையைச் சொல்கிறது, நாம் வைக்கும் விதத்தை அல்ல. ஆகவே பெயரடைதான் வேண்டும்.

இரண்டும் சரியாக வரும் இடங்களும் உண்டு, பொருள்தான் மாறும். "ஐ ஃபவுண்ட் தி கொஸ்டியன் ஈசி" என்றால் கேள்வி எனக்கு எளிதாக இருந்தது. "ஐ ஃபவுண்ட் தி டெம்பிள் ஈசிலி" என்றால் கோயில் இருக்கும் இடத்தைச் சிரமம் இல்லாமல் கண்டுபிடித்தேன்.

5. பெயரடை + டு

"ஷி இஸ் ஈகர் டு டீச்." "ஷி இஸ் ஈசி டு டீச்." பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். முதல் வாக்கியத்தில் கற்பிக்கப் போகிறவர் அவர், ஆர்வமாக இருக்கிறார். இரண்டாவதில் கற்பிப்பவர் வேறு யாரோ, அவருக்குக் கற்பிப்பது சுலபம். யார் செய்வது என்பதைப் பெயரடைதான் தீர்மானிக்கிறது.

"மேசை தூக்க முடியாத கனம்" என்பதற்கு "வெரி ஹெவி டு லிஃப்ட்" என்று எழுதாதீர்கள். "டூ ஹெவி டு லிஃப்ட்" என்பதே சரி. 'வெரி' வெறும் மிகுதியைச் சொல்லும். நெடில் 'டூ'தான் முடியாது என்பதைச் சொல்லும். கடைசியில் 'இட்' சேர்க்கவும் வேண்டாம்.

மீண்டும் லாக் புக்

'ஸ்டாப்' போலவே ரிமெம்பர், ஃபர்கெட் இரண்டிலும் கவனம் தேவை. "ஐ ரிமெம்பர்ட் டு க்ளோஸ் தி வால்வ்" என்றால் மறக்காமல் மூடினேன். "ஐ ரிமெம்பர் க்ளோசிங் தி வால்வ்" என்றால் மூடியது இப்போது நினைவில் இருக்கிறது. 'டு' வந்தால் நினைப்பு முன்னால், செயல் பின்னால். '-இங்' வந்தால் செயல் முன்னால், நினைப்பு பின்னால். வால்வு விஷயத்தில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

இப்போது நீங்கள் செய்து பாருங்கள். இவற்றில் எது சரி, எது தவறு?

அ) ஹி மேட் அஸ் டு லாஃப்.
ஆ) தே அலவ்ட் மீ டு லீவ்.
இ) தி நியூஸ் மேட் ஹர் சேட்லி.
ஈ) ஐ என்ஜாய் டு சிங்.
உ) தி வாட்டர் இஸ் டூ ஹாட் டு டிரிங்க்.

விடை: ஆ, உ மட்டும் சரி. அ-வில் 'டு' போக வேண்டும். இ-யில் 'சேட்' வேண்டும். ஈ-யில் 'சிங்கிங்' வேண்டும்.

ஒரு பழக்கத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். புதிய வினையைக் குறிப்பேட்டில் எழுதும்போது தனியாக எழுதாதீர்கள். 'அட்வைஸ்' என்று எழுதாமல் "அட்வைஸ் ஹிம் டு கோ" என்று துணையோடு எழுதுங்கள். நான் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இப்படித்தான் செய்கிறேன்.

என் வகுப்பில் ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணா, தமிழ்ப்பள்ளியில படிச்சதாலதான் எங்களுக்கு இங்கிலீஷ் இப்படி வருதா?" இல்லை, தங்கச்சி. 'போக' என்பதையும் '-ஆக' என்பதையும் தெரிந்து வைத்திருப்பதால்தான், எந்த இடத்தில் கால் வழுக்குகிறது என்று நம்மால் விரல் வைத்துக் காட்ட முடிகிறது. வழுக்கும் இடம் தெரிந்துவிட்டால் அப்புறம் பார்த்து நடக்க வேண்டியதுதான்.