மீன் கூடை கற்பித்த பாடம்

பொருளாதாரம் என்றதும் வங்கி, வரி, வரவு செலவுத் திட்டம் இவைதாம் நம் நினைவுக்கு வரும். பதினொன்றாம் வகுப்பில் காலடி வைத்தபோது நாங்களும் அப்படித்தான் எண்ணினோம். மனப்பாடம் செய்ய இன்னொரு பாடம், அவ்வளவே! அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு மீன் கூடை.

மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கோவளம் முதலிய கரைகளில் ஏலம் எடுத்த மீனைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்கும் தாய்மார் பலர். ஏப்ரல் பாதியில் மீன் விலை ஏறிவிடும். "மீன்காரம்மா கொள்ளை லாபம் அடிக்கிறார்" என்று வீட்டில் முணுமுணுப்போம். இது நியாயமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவரிடம் முதல் 3,000 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிலோ 150 ரூபாய் என்றால் 20 கிலோ வாங்கலாம். 200 ரூபாய்க்கு விற்றால் 1,000 ரூபாய் மிஞ்சும். வண்டிக்கூலி, ஐஸ் செலவு 300 போக, கையில் நிற்பது 700. கொள்முதல் விலை 300 ஆகிவிட்டால் அதே முதலுக்கு 10 கிலோதான் கிடைக்கும். அதை 340க்கு விற்றால் மிஞ்சுவது 400. செலவோ அதே 300. கையில் நிற்பது வெறும் 100 ரூபாய்! இன்னும் விலையை ஏற்றினால் நாம் கோழிக்கறிக்கு மாறிவிடுவோம். ஆகவே விலை உயர்ந்தும் அவர் அடுப்பு எரிவது அரிதாகிறது. இதை அறியாமல் அவரைப் பழித்தோமே என்று வெட்கப்பட்டோம்.

விலை ஏன் ஏறுகிறது? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. 2001இல் 45 நாள்களாகத் தமிழகத்தில் தொடங்கிய இத்தடை, 2017 முதல் 61 நாள்களாயிற்று. கட்டுமரத்துக்குத் தடையில்லை, ஆனால் அது தரும் மீன் ஊருக்குப் போதாது. அளிப்பு குறைகிறது, தேவை குறையவில்லை, விலை ஏறுகிறது.

தடை எதற்கு? அது மீன்கள் இனம் பெருக்கும் காலம். கடல் எல்லோருக்கும் பொது. 'நான் பிடிக்காவிட்டால் பிறர் பிடிப்பார்' என்று ஒவ்வொருவரும் வலை வீசினால் நாளை எவருக்கும் மீன் இராது. பொதுச்சொத்தை அதனைப் பயன்படுத்தும் மக்களே கூடி விதி வகுத்துக் காக்க முடியும் என்று ஆராய்ந்து காட்டியவர் எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. நம் சோழமண்டலக் கரையின் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளும் கேடு செய்யும் சில வலைகளைத் தடுத்ததுண்டு.

ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் பலுகச் செய்த நம் ஆண்டவர், மிஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. உள்ளதைப் பகிர்வதும் வீணாக்காமல் காப்பதும்தானே பொருளாதாரம்!

தோழியரே, அடுத்த முறை மீன்காரம்மாவிடம் பேரம் பேசுமுன் அவர் கூடையின் கணக்கையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமா?