வேரின் பகையும் நறுமண எண்ணெயும்

நுழையும்முன்

மண்ணுக்கு மேலே தெரியும் வாட்டத்திற்கான காரணம், சில வேளைகளில் மண்ணுக்குக் கீழே மறைந்திருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத பகையை உழவர் அறிவது எங்ஙனம்? மண்ணை நஞ்சாக்காமல் அதனை அடக்க இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

முடிச்சுகள் இருவகை

புதுக்கோட்டை மாவட்டம் வானம் பார்த்த நிலங்கள் மிகுந்தது. உளுந்தும் நிலக்கடலையும் இங்கு விளைகின்றன. இம்மாவட்டத்தின் வம்பனில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் இயங்கிவருகிறது.

ஓர் உளுந்துச் செடியை வேருடன் மெல்ல எடுத்துப் பாருங்கள். வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறு முடிச்சுகள் எளிதில் உதிரும். அவற்றின் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தரும் ரைசோபியம் பாக்டீரியாவின் இருப்பிடங்கள் அவை. மாறாக, வேரே வீங்கிப் பிரித்தெடுக்க இயலாதவாறு முடிச்சிட்டிருந்தால், அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. முன்னது நட்பு, பின்னது பகை.

பயிரைத் தாக்கும் நூற்புழுக்களுள் பெரும்பாலானவை 1 மில்லிமீட்டர் நீளத்தைக்கூட எட்டாதவை. வேர்முடிச்சு நூற்புழுவின் இளம்புழு, வேர்நுனி வழியாக உட்புகுந்து ஓரிடத்தில் தங்கி உணவை உறிஞ்சுகிறது. ஒரு பெண்புழு சில நூறு முட்டைகள் இடும். செடி வெளிறி, வளர்ச்சி குன்றும். நீரும் உரமும் போதவில்லை என்றெண்ணி உழவர் மேலும் பொருளைச் செலவிடுவார். நோயை அறியாத மருத்துவம் வீண் அன்றோ? 1855ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பெர்க்லி என்னும் அறிஞர் வெள்ளரி வேரில் இம்முடிச்சுகளைக் கண்டு எழுதினார்.

நஞ்சு தந்த பாடம்

இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ‘டிபிசிபி’ என்னும் வேதிமருந்து நூற்புழுக்களைக் கொல்ல உலகெங்கும் பயன்பட்டது. 1977ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அதனைத் தயாரித்த தொழிலாளர்கள் மகப்பேறளிக்கும் ஆற்றலை இழந்திருந்தமை வெளிப்பட்டது. நடு அமெரிக்க நாடுகளின் வாழைத் தோட்டத் தொழிலாளர்களும் இத்துயருக்கு ஆளாயினர். புழுவைக் கொல்ல வந்த மருந்து, உழைப்பவரின் வழித்தோன்றலையே அறுத்தது. இத்தகைய பட்டறிவே மாற்றுவழிகளைத் தேடத் தூண்டியது.

நறுமணமே படைக்கலம்

இடம்பெயர இயலாத தாவரங்கள், தம்மைக் காக்க எளிதில் ஆவியாகும் நறுமண எண்ணெய்களை உருவாக்கிக்கொள்கின்றன. ஓமத்தில் தைமால், கிராம்பிலும் துளசியிலும் யூஜினால், எலுமிச்சைப்புல்லில் சிட்ரால் எனப் பல பொருள்கள் உள்ளன. இவை இளம்புழுக்களைச் செயலிழக்கச் செய்வதையும் முட்டை பொரிவதைத் தடுப்பதையும் ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. புதுக்கோட்டைப் பகுதியில் பரவலாக வளர்க்கப்படும் தைலமரம், தன் பெயரிலேயே எண்ணெயைத் தாங்கி நிற்கிறது. அதன் இனத்தைச் சேர்ந்த மரங்களின் இலையெண்ணெயும் இவ்வாறு ஆராயப்பட்டுள்ளது.

எனினும், கண்ணாடிக் கிண்ணத்தில் வென்றது கழனியிலும் வெல்லும் எனக் கொள்ளலாகாது. இவ்வெண்ணெய்கள் நீரில் எளிதில் கரைவதில்லை. மண்ணில் விரைந்து ஆவியாகிச் சிதைகின்றன. அளவு மிகுந்தால் பயிரின் வேரையே கருக்குகின்றன. விலையும் மிகுதி. இயற்கையில் விளைந்தது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. ஆகவே, நீர்மத்தில் கலந்தும் நுண்பொதிகளில் அடைத்தும் இவற்றை மெல்ல வெளியிடும் முறைகளை அறிவியலாளர் ஆராய்கின்றனர்.

அதுவரை உழவர் கைவிடலாகாத வழிகள் உள்ளன: கோடையுழவு செய்தல், வேப்பம்பிண்ணாக்கு இடுதல், பயிர்ச்சுழற்சியில் செண்டுமல்லியைச் சேர்த்தல், புழுத் தாக்காத நாற்றைத் தேர்தல். இவற்றோடு இணையும் துணையாகவே நறுமண எண்ணெயைக் கருதவேண்டும். மண்ணைக் காப்பதற்கு முதற்படி, வேரைப் பார்ப்பதே.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர் வயலில் உழவரின் இசைவுடன் பயறுச்செடி ஒன்றின் வேரை ஆராய்ந்து, கண்ட முடிச்சுகளின் வகையைக் குறிப்பெழுதுக.
2. ‘இயற்கைப் பொருள்கள் அனைத்தும் தீங்கற்றவையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.