ஈரல் நோயும் ஊர்ப்பழியும்

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்பது முதுமொழி. ஈரல் நோயுற்றோரை நோக்கும் நம் கண்ணிலும் ஒரு காமாலை உண்டு; அவரெல்லாம் குடிகாரராகவே தோன்றுவர். மதுக்கடைகள் மலிந்த புதுச்சேரியில் இவ்வெண்ணம் வேரூன்றியதில் வியப்பில்லை. நாமறிந்த பெரியவர் ஒருவர் மதுவைத் தொட்டறியாதவர். ஊர்ப்பழிக்கு அஞ்சியே தம் வயிற்று வீக்கத்தை மறைத்தார். மருத்துவரை நாடியபோது காலம் கடந்திருந்தது.

உண்மை யாது? ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது, சர்க்கரையைச் சேமிக்கிறது, நஞ்சை முறிக்கிறது. அதனைக் கெடுப்பது மது மட்டுமன்று. 'ஏ', 'இ' வகை வைரஸ்கள் மாசுற்ற நீராலும் உணவாலும் பரவும். 'பி', 'சி' வகைகள் குருதிவழித் தொற்றும். 'பி' தாயிடமிருந்து சேய்க்கும் செல்லும். நீரிழிவும் உடற்பருமனும் ஈரலில் கொழுப்பைப் படியச் செய்யும். 'பி', 'சி' தொற்றும் கொழுப்பும் பல்லாண்டுகள் அறிகுறியின்றி இருந்து, ஈரலை இறுகிச் சுருங்கச் செய்யலாம், புற்றும் தோன்றலாம்.

காமாலைக்குக் கீழாநெல்லி நம் மரபு மருந்து. இலைக்கடியில் காய்ப்பதால் பெற்ற பெயர் அது. 1988இல் சென்னை ஆய்வாளர் தியாகராசன் குழுவினர், 'பி' வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் இணைந்து 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அம்மூலிகை உண்ட 37 பேருள் 22 பேர் குருதியில் வைரஸின் அடையாளம் மறைந்தது என்றனர். பின்வந்த பிறர் ஆய்வுகள் அதனை உறுதிசெய்யவில்லை. 'ஏ', 'இ' காமாலை பெரும்பாலும் தானே தணிவது. புகழ் மட்டும் மூலிகையைச் சேரும். மூலிகையை இகழ்தல் நம் கருத்தன்று. அதனை நம்பிக் குருதிச் சோதனையைத் தள்ளிப்போடுதலே தீது.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு இடும் தடுப்பூசி 'பி' தொற்றைத் தடுக்கும். 'சி' தொற்று இன்று சில மாத மாத்திரைகளாலேயே பெரும்பாலும் குணமாகும். 2018 சூலை 28இல் தொடங்கிய தேசியத் திட்டம் இவற்றுக்குக் கட்டணமின்றிச் சோதனையும் மருந்தும் வழங்குகிறது. ஜிப்மர் போன்ற பெருமருத்துவமனை நம் நகரிலேயே இருக்க, தயக்கம் ஏன்?

நோயாளரை நலம் விசாரித்தல் நம் மார்க்கம் வகுத்த கடமை. நலம் விசாரிக்கச் சென்று குற்ற விசாரணை செய்யாதிருப்போமாக. நம் நாவு அடங்கினால், மறைந்திருக்கும் நோயாளர் பலர் மருத்துவரிடம் வெளிப்படுவர்.