கட்புலனிழந்தோரும் கைப்பேசிச் செயலிகளும்

தோற்றுவாய்

கொள்வோனும் கொடுப்போனும் நேர்நின்று பேசிப் பொருளை மாற்றிக்கொண்டதே நம் நாட்டுப் பழைய அங்காடி. ஆங்குக் கட்புலனிழந்த ஒருவன் அரிசியைக் கையில் அள்ளி அதன் தரம் அறிவான். துணியைத் தடவி அதன் நெருக்கம் உணர்வான். பழத்தை மோந்து பக்குவம் தெளிவான். விலையைக் காதாற் கேட்டு வாயால் மறுப்பான். கண்ணொன்று உதவாதாயினும் ஏனைய புலன்கள் நான்கும் அவனுக்குத் துணைநின்றன. இக்காலத்திலோ அங்காடியும், வங்கியும், புகைவண்டிச் சீட்டு விற்குமிடமும் ஒரு கைப்பேசியின் கண்ணாடித் தகட்டினுள் அடங்கிவிட்டன. அத்தகட்டைத் தடவினால் எவ்விடத்தும் ஒரே வழுவழுப்பு, மணமில்லை, மேடுபள்ளமில்லை. ஆயினும் அதே தகடு அவனோடு பேசவும் வல்லதாயிருக்கின்றது. அது பேசுவதும் ஊமையாவதும் செயலியை ஆக்குவோர் கையிலுள்ளன.

2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நம் நாட்டிற் பார்வைக் குறையுடையோர் ஏறக்குறைய 50 லட்சம் பேர். இவர்கள் செயலி விற்போரிடத்தும், செயலி வாயிலாகப் பொருள் விற்போரிடத்தும் எதிர்பார்ப்பன யாவை என்பதை அணுகல், விலை, சமநடத்தை என்னும் மூன்று தலைப்புக்களில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இம்மூன்றும் வெவ்வேறாகத் தோன்றினும் அடிப்படையில் ஒன்றேயாம். அவர்கள் இரப்போராக வரவில்லை. பணம் கொடுத்துக் கொள்வோராக வருகின்றனர். கொள்வோர்க்குரிய நிலையை முழுமையாகத் தருக என்பதே அவர்தம் கோரிக்கை.

செயலி பேசுமாறு

பார்வையற்றோர் கைப்பேசியை இயக்குவது திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால். திரையில் விரல் படும் இடத்தில் என்ன உளதோ அதனை அது குரலாற் கூறும். பின்னர் இருமுறை விரைந்து தட்டினால் அப்பொத்தான் இயங்கும். கணினிக்கென எழுந்த திரைவாசிப்பான்களுள் புகழ்பெற்ற ஜாஸ் என்பது 1989ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. அதனை ஆக்கிய டெட் ஹென்டர் என்பார் தாமே விபத்தொன்றிற் கண்ணிழந்தவர். 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் என்னும் பார்வையற்ற இளைஞர், யாவரும் விலையின்றிப் பெறத்தக்க என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானை ஆக்கத் தொடங்கினார். 2009ஆம் ஆண்டில் ஐபோன் கருவியில் வாய்ஸ்ஓவர் என்பதும், ஆண்ட்ராய்டுக் கருவிகளில் டாக்பேக் என்பதும் கருவியோடு உடன்பிறந்தனவாகவே அமைந்தன. கட்புலனிழந்தோர் இவற்றைத் தனி விலை கொடுத்து வாங்கவேண்டியதில்லை.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. திரைவாசிப்பான் பெரும்பாலும் படத்தைப் பார்த்துப் பொருள் கொள்வதன்று. செயலியை எழுதுவோர் ஒவ்வொரு பொத்தானுக்கும் உள்ளே வைத்த பெயரையே அது படிக்கின்றது. வண்டி வடிவிலுள்ள சிறு படம் கண்ணுடையானுக்குக் ‘கூடையிற் சேர்’ எனப் பொருள்படும். எழுதுவோன் அதற்கு அப்பெயரை இட்டிருப்பின் குருடனும் அதையே கேட்பான். இடாதொழியின் பெரும்பாலும் ‘பொத்தான்’ என்று மட்டுமே கேட்பான். ஒரு பக்கத்திற் பத்துப் பொத்தான்கள் இருப்பின் பத்து முறையும் அதுவே. கதவுகள் பத்து உள்ள வீட்டில் எதன்மேலும் எழுத்தில்லாதது போன்றதே இந்நிலை.

அணுகல்

அணுகல் என்பது, ஒரு செயலியாற் கண்ணுடையான் முடிக்கும் வினையைக் கண்ணில்லானும் பிறர் துணையின்றி முடிக்கத்தகுதலாம். இதற்கென உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999ஆம் ஆண்டில் நெறிமுறைகளை வகுத்து, 2008, 2018, 2023ஆம் ஆண்டுகளில் அவற்றைப் புதுக்கி வெளியிட்டது. அந்நெறிகள் இன்று நான்கு தூண்களின்மேல் நிற்கின்றன: உள்ளது உணரத்தகுதல், இயக்கத்தகுதல், விளங்கத்தகுதல், எவ்வகைக் கருவியிலும் நிலைத்து நிற்றல்.

நடைமுறையில் இடர்கள் எங்ஙனம் வருகின்றன என்பதைக் காண்போம். பொருளின் எடையும் காலாவதி நாளும் படத்தில் மட்டும் அச்சிடப்பட்டிருப்பின் திரைவாசிப்பான் பெரும்பாலும் அவற்றைச் செவ்வனே கூறாது. வளைந்து நெளிந்த எழுத்துக்களைப் படித்துத் ‘தான் மனிதனே’ என மெய்ப்பிக்கச் சொல்லும் கேப்ச்சா என்னும் சோதனை, ஒலிவடிவ மாற்று இல்லாவிடத்துக் கட்புலனிழந்தோரை மனிதர் தொகையினின்றும் நீக்கிவிடுகின்றது. வங்கிக் கணக்குத் தொடங்குங்கால் முகத்தை வட்டத்தினுள் நிறுத்திக் கண்ணை இமைக்குமாறு கேட்டல் மற்றொன்று. வட்டம் எங்குள்ளது என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? இவை எல்லாவற்றினும் கொடியது, பொருளைத் தேர்ந்து, முகவரி தந்து, இறுதியிற் பணம் செலுத்தும் பொத்தான் மட்டும் பேசாதிருத்தல். தொடக்கத்திலேயே அடைபட்ட கதவு நேரத்தை வீணாக்குவதில்லை. இறுதிப் படியில் அடைபடும் கதவோ உழைப்பு முழுவதையும் வீணாக்குகின்றது. நேற்று நன்கியங்கிய செயலி இன்று புதுப்பிக்கப்பட்டபின் ஊமையாதலும் இத்தகையதே.

தமிழ் பயில்வோர் தனித்து எண்ணற்குரிய இடர் ஒன்றும் உண்டு. ஒருங்குறி பரவுமுன் எழுந்த பாமினி முதலிய எழுத்துருக்களில், கண்ணுக்குத் தமிழாகத் தோன்றுவன கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துக்களாகவே கிடக்கின்றன. பாமினியில் ‘தமிழ்’ என அடித்த சொல், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாம். அதனைத் திரைவாசிப்பான் அவ்வாறே படிக்கும். அறிவிப்பும் பாடநூலும் இவ்வெழுத்துருக்களிலோ, வெறும் படமாகவோ செயலிகளில் ஏற்றப்படுமாயின், தமிழ் மாணவன் ஒருவன் தன் தாய்மொழியின் பெயரையே தன் கருவியினின்று கேளாதொழிவான்.

விலை

விலையைப் பற்றிய எதிர்பார்ப்பு மூவகைப்படும். முதலாவது, அங்காடிக்குள் நுழைவதற்கே தனி விலை கொடுத்தல். ஜாஸ் திரைவாசிப்பான் பல்லாண்டுகளாக ஏறக்குறைய 1000 அமெரிக்க டாலர் விலையில் விற்கப்பட்டது. கண்ணுடையான் ஒரு கணினி வாங்கும் இடத்தில் கண்ணில்லான் இரண்டின் விலையைக் கொடுக்க நேர்ந்தது. கருவியோடு உடனமைந்த வாசிப்பான்களும் என்.வி.டி.ஏ.யும் இச்சுமையைப் பெரிதும் குறைத்தன.

இரண்டாவது, செயலி வாயிலாக மட்டும் வழங்கப்படும் தள்ளுபடி. அமெரிக்காவில் டொமினோஸ் என்னும் உணவு நிறுவனத்தின்மேல் பார்வையற்றவர் ஒருவர் 2016ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தார். அந்நிறுவனத்தின் வலைத்தளமும் செயலியும் தம் திரைவாசிப்பானுக்கு இணங்காமையால் உணவு வாங்க இயலவில்லை என்பது அவர் முறையீடு; தனித் தள்ளுபடிகளும் அவ்வழியே வழங்கப்பட்டு வந்தன. 2019ஆம் ஆண்டு சனவரியில் மேல்முறையீட்டு மன்றம் அவர் வழக்கு நடத்தத்தக்கதெனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு அக்டோபரில் அந்நாட்டு உச்சநீதி மன்றம் அதில் தலையிட மறுத்தது. தொலைபேசியில் அழைத்து வாங்கலாமே எனின், தள்ளுபடி செயலியில் மட்டும் உளதாயின் அழைத்து வாங்குவோன் மிகுதி விலை கொடுக்கின்றான். ஆகவே அணுகலின்மை ஒரு வசதிக்குறைவாக மட்டும் நில்லாது மறைமுக வரியாகவும் ஆகின்றது.

மூன்றாவது, விலையில் வாய்மை. வாய்ஸ் ட்ரீம் ரீடர் என்பது நூல்களை உரக்கப் படிக்கும் ஒரு செயலி. பார்வையற்றோர் பலர் அதனை ஒரே முறை விலை கொடுத்து வாங்கியிருந்தனர். 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர்களும் இனி ஆண்டுக் கட்டணம் செலுத்தவேண்டுமென உரிமையாளர் அறிவித்தனர். பயன்படுத்துவோர் வன்மையாக எதிர்க்கவே, பழைய கொள்வோரைப் பொறுத்தமட்டில் அவ்வறிவிப்பு மீட்டுக்கொள்ளப்பட்டது. இந்நிகழ்ச்சியில் எதிர்த்தோர் எல்லாவற்றையும் இலவசமாகக் கேட்டனரல்லர். செயலி எழுதுவோனும் உழைப்பாளியே. அவன் கூலிக்கு உரியவன். விற்ற பொருளை மீண்டும் விற்றலாகாது என்பதே அவர்கள் கூற்று.

இதனோடு இயைந்த மற்றொரு நியாயமும் உண்டு. கண்ணுடையான் படங்களைப் பார்த்தே ஒரு செயலி தனக்குப் பயன்படுமா என ஓரளவு துணிவான். பார்வையற்றவனோ வாங்கி இயக்கிப் பார்த்தாலன்றி அது தன் வாசிப்பானோடு இணங்குமா என அறியான். ஆகலின் விலை கொடுக்குமுன் சிலநாள் இயக்கிப் பார்க்க இடமளித்தலும், இணங்காதெனின் பணத்தைத் திருப்பித் தருதலும் சலுகையாகா. துணியை விரித்துக் காட்டி விற்பதற்கு நிகராம்.

சமநடத்தை

ஒரே விலையைப் பெற்றுக்கொண்டு ஒருவனுக்கு முழுப்பொருளும் மற்றொருவனுக்கு அரைப்பொருளும் அளித்தல் சமமன்று. பார்வையற்றோர்க்கெனத் தனியே ஒரு குறுகிய பதிப்பை ஆக்கிவைத்தலும் நிறைவான தீர்வன்று; முதன்மைப் பதிப்பு புதுமை பெறுந்தோறும் தனிப்பதிப்பு பின்தங்கிப் பழமையடைந்து போகும். வீட்டின் முன்வாயில் இருக்கப் பின்வாயிலாற் புகச் செய்தல் போன்றதே அது.

மறைவு காத்தல் இத்தலைப்பின் உயிர்நிலை. செயலி பேசாதவிடத்துப் பார்வையற்றவர் அயலார் ஒருவரிடம் தம் கைப்பேசியைத் தந்து, இரகசிய எண்ணையும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் கூற நேர்கின்றது. அவ்வயலார் நல்லவராயின் நன்று. அல்லராயின் கணக்கிலுள்ள பொருள் போம். நல்லவராயினும், தம் வரவு செலவைப் பிறர்க்குத் திறந்து காட்டும் நாணம் எஞ்சும். இந்நாணத்தைக் கண்ணுடையார் எவரும் ஒரு பொருள் வாங்குதற்கு விலையாகக் கொடுப்பதில்லை.

நல்ல எடுத்துக்காட்டுக்களும் உள. இந்திய ரிசர்வ் வங்கி 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் வெளியிட்ட ‘மணி’ என்னும் செயலி, தாளைக் கைப்பேசியின் முன் காட்டினால் அஃது எத்தனை ரூபாய்த் தாள் எனக் கூறும். அது விலையற்றது; இணைய இணைப்பின்றியும் இயங்குவது. கையிலுள்ள பணத்தைத் தானே எண்ணத் தெரிந்தவனே கொள்வோனாவான் என்னும் உண்மையை அஃது உணர்த்துகின்றது.

சட்டத்தின் நிலை

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை 2006ஆம் ஆண்டில் எழுந்தது. இந்தியா 2007இல் அதனை ஏற்றது. அதன் வழியே 2016ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 46ஆம் பிரிவு, அரசினரேயாயினும் தனியாரேயாயினும் பணி வழங்குவோர் அனைவரும், விதிகள் வெளிவந்த இரண்டாண்டுக்குள் அணுகல் நெறிகளைப் பின்பற்றவேண்டுமெனக் கூறுகின்றது. விதிகள் 2017ஆம் ஆண்டு சூன் மாதத்தில் வெளிவந்தன. ஆயினும் அவை பெரும்பாலும் அறிவுரையாகவே நின்றன. 2005இல் தொடுக்கப்பட்ட வழக்கொன்றில் 2024ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் நம் உச்சநீதி மன்றம், கட்டாயமாக இருக்கவேண்டிய அணுகல் நெறிகளை வெறும் பரிந்துரையாக்கிய விதி சட்டத்தொடு முரணியது எனத் தீர்ப்பளித்தது.

அதன்பின் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் எழுந்த தீர்ப்பு மேலும் சிறந்தது. அமில வீச்சினால் முகமும் கண்ணும் சிதைந்தோரும், கட்புலனிழந்த வழக்கறிஞர் ஒருவரும் தொடுத்த வழக்குக்கள் அவை. கண் இமைத்து உயிருள்ளமை காட்டுக எனக் கேட்கும் அடையாளச் சோதனைக்கு மாற்றுவழி வேண்டுமென மன்றம் ஆணையிட்டு, 20 கட்டளைகளைப் பிறப்பித்தது. மின்னணு வழிப் பணிகளை அணுகுதல் அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் உயிர்வாழும் உரிமையின் ஒரு கூறு என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டமும் 2025ஆம் ஆண்டு சூன் 28 முதல் மின்வணிகத்திற்கும் வங்கிப் பணிக்கும் உரியதாயிற்று.

தடையும் விடையும்

சிலர் பொருட்டுப் பெருஞ்செலவு செய்தல் வணிகர்க்கு இயலுமோ எனத் தடை நிகழ்த்துவாருளர். செயலியை முதலில் எழுதும்போதே ஒரு பொத்தானுக்குப் பெயரிடுதல் ஒரு சொல்லை எழுதும் உழைப்பேயாம். கட்டிமுடித்தபின் சுவரை இடித்து வாயில் வைப்பதே செலவு மிக்கது. மேலும், பேசும் செயலி கண்புரை படர்ந்த முதியோர்க்கும் எழுத்தறியாதார்க்கும் உதவும். பயன் சிலரோடு நில்லாது பரவுதல் இதனால் விளங்கும்.

எங்ஙனம் ஆக்குவது என்பது பிறிதொரு வினா. எரிகோவின் வழியோரத்தில் இருந்த பர்திமேயு என்னும் குருடன் கூவியழைத்தபோது, நம் ஆண்டவர் அவன் வேண்டுவது யாதென முதலில் அவனையே வினவினார். அவன் குறை யாவர்க்கும் வெளிப்படையாயிருந்தும் வினவினார். செயலி ஆக்குவோர் கைக்கொள்ளத்தக்க முறை இதுவே. பார்வையற்றோரை அமர்த்தி, உரிய ஊதியம் அளித்து, வெளியிடுமுன் அவர்களைக் கொண்டு சோதித்தலே குறைகளைக் காணும் நேர்வழி.

முடிபு

வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கி, அவ்வதிகாரத்தின் இறுதியில் வாணிகரை நினைந்து பேசுகின்றார். லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரமோ, குருடனுக்கு முன்னே இடறுகட்டையை வைத்தலை விலக்கி, அதே அதிகாரத்தின் இறுதியில் மெய்யான தராசும் படியும் வேண்டுமெனக் கட்டளையிடுகின்றது. இவ்விரண்டும் ஒரே அதிகாரத்தில் அமைந்தமை நாம் ஊன்றி நோக்கற்பாலது. குருடனுக்கு வழிவிடுதலை இரக்கத்தின் பாலும், தராசை வாணிகத்தின் பாலும் வைத்து இரண்டாகப் பிரித்தெண்ணுவது நம் வழக்கம். பேசாத பொத்தானோ இடறுகட்டையும் கள்ளத் தராசும் ஆகிய இரண்டுமாய் நிற்கின்றது.

நம் கல்லூரியிற் கணினி பயில்வோர் தாம் எழுதும் முதற் செயலியிலேயே ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயரிடுவாராக. தமிழ் பயில்வோராகிய நாம் அப்பெயர்களைத் தெளிந்த தமிழில் ஆக்கித் தருவோமாக. அறிவிப்புக்களையும் இத்தகைய மலர்களையும் ஒருங்குறியில் வெளியிடுவோமாக. அங்ஙனமாயின் நம்மோடு பயிலும் பார்வையற்ற நண்பர்கள் இக்கட்டுரையைப் பிறர் படிக்கக் காத்திராது, தாமே கேட்டு, இதன்கண் உள்ள குறைகளையும் எடுத்துக்காட்டுவர்.