13-ம் நம்பர் வீட்டை எப்படிப் பார்ப்பது?

புதூர்

அன்புள்ள மருமகளே,

'13-ம் நம்பர் வீடு' படத்தை "ஒரே மொக்க" என்று பாதியிலேயே அணைத்துவிட்டாயாமே, அம்மா போனில் சொன்னாள். 1990-ல் வந்த படம். நிழல்கள் ரவி நடித்தது. நல்ல படங்களின் பட்டியலில் யாரும் அதைச் சேர்ப்பதில்லை. எனக்கு அது பிடிக்கும். இயக்கிய பேபி, மலையாளத்தில் 1978-லேயே 'லிசா' எடுத்தவர். தமிழில் 1987-ல் 'மை டியர் லிசா'. அந்த மனிதருக்குப் பேய்ப்படம் விளையாட்டல்ல.

முதலில் வீட்டைப் பார். பேய் ஏன் ஒரே வீட்டுக்குள் சுற்றுகிறது? கதைக்காக மட்டுமல்ல. ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்துவிட்டால் செட் போட வேண்டாம், ஊர் ஊராக ஆளையும் சாமானையும் ஏற்றி இறக்க வேண்டாம். அமெரிக்காவில் ஜார்ஜ் ரொமேரோ 1968-ல் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' எடுத்ததும் இப்படித்தான். இடிக்கப்போகிற பழைய பண்ணை வீடு, கறுப்பு வெள்ளை ஃபிலிம், ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். செலவு சுமார் 1,14,000 டாலர். வந்த புதிதில் விமர்சகர்கள் திட்டினார்கள். 1999-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது சேர்ந்தது.

அடுத்து ஆவி. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், பின்னாலுள்ள சுவர் தெரிகிற மாதிரி ஓர் உருவத்தை எப்படி நடக்கவிட்டார்கள் தெரியுமா? காலி அறையை எடுப்பார்கள். அதே ஃபிலிமைக் கேமராவுக்குள் பின்னோக்கிச் சுற்றி, அதன் மேலேயே நடிகையை எடுப்பார்கள். நடுவில் கேமரா ஒரு நூல் அசைந்தாலும் எல்லாம் பாழ். லேபில் கழுவி வரும்வரை சரியாக விழுந்ததா என்று ஒருவருக்கும் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தச் சில நொடிகளைப் பார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சத்தம். அப்போதெல்லாம் பேச்சையும் ஓசையையும் பெரும்பாலும் பிறகுதான் ஸ்டுடியோவில் சேர்த்தார்கள். கதவின் கிறீச்சும் கொலுசும் காற்றும் யாரோ ஒருவர் உட்கார்ந்து உண்டாக்கியவை. ஒரு காட்சியைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார், வெறும் மாடிப்படி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதையே கேள், முதுகு சிலிர்க்கும். நம் கரிசல்காட்டில் பருத்தி எடுத்துவிட்டு வந்த அப்பத்தாமார் உடங்காட்டு முனியைப் பற்றிப் பேசும்போது குரலை மட்டும் தாழ்த்துவார்கள். பிள்ளைகள் பாயை நடுவீட்டுக்கு இழுத்துக்கொள்ளும். மிச்சத்தையெல்லாம் கேட்டவர்களே நிரப்பினார்கள். காசில்லாத படமும் உன்னிடம் அதைத்தான் கேட்கிறது.

சிரிப்பு வந்தால் சிரி. கேலி செய்வதற்கென்றே உட்காராதே, அப்போது வேறெதுவும் கண்ணில் படாது. கெட்டதைக் கெட்டது என்றும் சொல். இந்த வகைப் படங்களில் பயத்துக்கு நடுவே செருகும் காமெடியும் பாட்டும் எனக்கும் சலிப்புதான், ஓட்டிவிடு. ஆனால் எதிரே ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்து நிஜமாகவே மிரள்கிற நடிகரின் முகத்தை ஓட்டிவிடாதே. எதிரில் ஏதோ நிற்கிறது என்று அவர் நம்பாவிட்டால், நமக்கும் அங்கே எதுவும் தெரியாது.

மீதிப் பாதியைப் பார்த்து முடி. பிறகு கார்த்திக் சுப்புராஜின் முதல் படம் 'பீட்சா' (2012). விஜய் சேதுபதி டார்ச்சும் கையுமாக வீட்டுக்குள் மாட்டிக்கொள்ளும் அந்த நீண்ட பகுதியில் வீடு, இருட்டு, சத்தம் மூன்றும் என்ன செய்கின்றன என்று குறித்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா